கிரையோனிக்ஸில் பனியைத் தவிர்க்க நான்கு வழிகள்: எதை, எப்போது தேர்வது?

சட்டப்படி இறப்பு அறிவிக்கப்பட்ட ஒருவரின் உடலை மிகக் குறைந்த வெப்பநிலையில் காத்து வைத்தால், வருங்கால மருத்துவம் என்றாவது அவரை மீட்கக்கூடும் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் ஏற்பாடுதான் கிரையோனிக்ஸ். அப்படி மீண்டு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. மனிதரை விடுங்கள், திரவ நைட்ரஜனின் குளிரிலிருந்து ஒரு பாலூட்டியைக்கூட முழுசாக உயிரோடு மீட்க முடிந்ததில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்வது என்று தீர்மானித்தவர்களும், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களும் ஒரு கேள்விக்கு விடை கண்டே ஆக வேண்டும். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். குளிர்வித்தால் அது பனிக்கட்டியாகும். அந்தப் பனி மூளையைச் சிதைக்காமல் காப்பது எப்படி?

இன்று கையில் இருப்பவை நான்கு வழிகள். எதையும் செலுத்தாமல் அப்படியே உறைய விடலாம். கிளிசரால் போன்ற ஒன்றைச் செலுத்திப் பனியின் அளவைக் குறைக்கலாம். மிகச் செறிவான கலவையைச் செலுத்தி, பனியே உருவாகாமல் கண்ணாடியாக இறுக வைக்கலாம். அல்லது முதலில் குளூட்டரால்டிஹைடு செலுத்தி மூளையை வேதிமுறையில் நிலைப்படுத்திவிட்டு அதன் பிறகு குளிர்விக்கலாம்.

இந்த நான்கையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் எந்தக் கரைசல் உயர்ந்தது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. அந்தக் கரைசல் மூளையின் நுண்குழாய்கள் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அது சேருமா சேராதா என்பதைக் கரைசலின் பெயரைவிட, இதயம் நின்றதற்கும் கரைசலைச் செலுத்தும் குழாய் பொருத்தியதற்கும் நடுவே கழிந்த நேரம்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

பனி உள்ளே என்ன செய்கிறது

தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், அதனால் செல்கள் வெடித்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. மனிதத் தலை அளவுள்ள ஒரு பொருள் மெதுவாகத்தான் குளிரும். அந்த வேகத்தில் பனி முதலில் தோன்றும் இடம் செல்லுக்கு வெளியே, நுண்குழாய்களிலும் திசு இடுக்குகளிலும். வளரும் படிகம் சுத்தமான தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டு, உப்பையும் மற்ற கரைபொருள்களையும் ஒதுக்கித் தள்ளும். மிஞ்சிய திரவம் மேலும் மேலும் உப்பேறும். −10 டிகிரி செல்சியஸ் வரும்போது அது உடலின் இயல்பான செறிவைவிட ஏறத்தாழ 18 மடங்கு செறிந்திருக்கும். அதாவது இருந்த தண்ணீரில் பதினெட்டில் ஒரு பங்குதான் இன்னும் திரவமாக இருக்கிறது. வெளியே உப்பு இப்படி ஏறும்போது, சவ்வூடு பரவலால் செல்லுக்குள்ளிருக்கும் தண்ணீரும் வெளியே இழுக்கப்படும். செல் வற்றிச் சுருங்கும், சவ்வு மடியும், புரதங்கள் நிலைகுலையும்.

இதையே மூளையில் நெருங்கிப் பாருங்கள். நுண்குழாய்க்குள் தொடங்கிய படிகம் சுவரைப் பிளந்துகொண்டு பக்கத்துத் திசுவுக்குள் நுழைகிறது. அங்கே நரம்புச் செல்களின் கிளை இழைகளான ஆக்ஸான்களும் டென்ட்ரைட்டுகளும் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்குதான். படிகமோ அந்த இடைவெளியைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வளரக்கூடியது. அதனால் நரம்பிழைகள் இருந்த இடத்தைவிட்டு ஒதுக்கப்பட்டு, படிகங்களுக்கு நடுவே மெல்லிய பட்டைகளாக நசுக்கப்படுகின்றன. எந்த இழை எதோடு இணைந்திருந்தது என்ற செய்திதான் நினைவுக்கும் ஆளுமைக்கும் அடிப்படை என்று எடுத்துக்கொண்டால், அந்தச் செய்தி குலைவது இங்கேதான்.

அப்படியானால் வேகமாகக் குளிர்வித்தால் என்ன? பீட்டர் மேசூர் 1972-ல் முன்வைத்த இருகாரணிக் கருதுகோள் இதற்கு விடை தருகிறது. மெதுவாகக் குளிர்வித்தால் உப்பேறிய திரவமும் சுருக்கமும் கொல்லும். வேகமாகக் குளிர்வித்தால் தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் செல்லுக்குள்ளேயே பனி பிடித்துக் கொல்லும். ஒவ்வொரு செல் வகைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே உகந்த வேகம் ஒன்று உண்டு. பலவகைச் செல்கள் சேர்ந்த ஓர் உறுப்புக்கு அப்படிப் பொதுவான வேகம் கிடையாது. அப்படி ஒன்று இருந்திருந்தாலும்கூட, அவ்வளவு பெரிய பொருளின் நடுப்பகுதியை நினைத்த வேகத்தில் குளிர்விக்க இயற்பியல் இடம் தராது.

வட அமெரிக்கக் காட்டுத் தவளையை இங்கே பலர் எடுத்துக்காட்டுவார்கள். உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை உறைந்து, இதயமும் நின்று, வசந்தத்தில் அது எழுந்துவிடுகிறது என்பது உண்மைதான். கல்லீரலிலிருந்து குளூக்கோஸைக் கொட்டித் தன் செல்களை அது காத்துக்கொள்கிறது. ஆனால் அது தாங்குவது பூஜ்யத்துக்குச் சில டிகிரி, மிஞ்சினால் பதினைந்து இருபது டிகிரி கீழே வரைக்கும்தான், அதுவும் ஒரு குளிர்காலத்துக்கு. நூற்றாண்டுக் கணக்கில் காக்க வேண்டுமானால் வேதிவினைகள் அநேகமாக நின்றுபோகும் குளிர் வேண்டும். திரவ நைட்ரஜனின் −196 டிகிரி அந்தக் குளிர். வழியில் இருக்கும் உறைநிலைப் பகுதி முழுவதையும் கடந்துதான் அங்கே போக முடியும்.

ஒன்றும் செலுத்தாமல் உறைய வைப்பது

உடலைப் பனிக்கட்டியிலும், பிறகு −78.5 டிகிரி உலர்பனியிலும் வைத்துக் குளிர்வித்து, கடைசியில் நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்குவது இந்த முறை. மேலே சொன்ன சேதம் அத்தனையும் இதில் முழுசாக நடக்கும். விரும்பித் தேர்ந்தெடுக்க இதில் எதுவும் இல்லை. ஆனால் வேறெதுவும் செய்ய முடியாத நிலைகள் வரும். இறந்து பல மணி நேரம் கழித்துத் தெரியவந்திருக்கும், பிரேதப் பரிசோதனை கட்டாயமாகியிருக்கும், கிரையோனிக்ஸ் நிறுவனத்தின் குழு வந்து சேர வழியிருக்காது. அந்த நிலையில் இது மட்டுமே மிஞ்சும். ஆகவே இதை ஒதுக்கிவிட வேண்டாம். கடைசிப் படியாக வைத்துக்கொண்டு, அந்தப் படிக்கு இறங்கச் சம்மதமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

முதன்முதலாகக் காத்து வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டுக்கு 1967 ஜனவரி 12 அன்று டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற உறைதடுப்பான், அதாவது பனி உருவாவதைக் குறைக்கும் மருந்து, ஊசியாகச் செலுத்தப்பட்டது. ஊசி போட்ட மருந்து உடலெங்கும் பரவ வழியில்லை. அதனால் அதையும் நேரடி உறைவு என்றே கணக்கிட வேண்டும். அவருடைய உடல் இன்னும் அமெரிக்காவின் அரிசோனாவில், ஆல்கர் என்ற கிரையோனிக்ஸ் அமைப்பின் பாதுகாப்பில் இருக்கிறது.

கிளிசரால் காலம்

1949-ல் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் கிளிசராலில் கலந்த சேவல் விந்து உறைந்து உருகிய பின்னும் உயிரோடிருப்பதைக் கண்டார்கள். உறைநிலை உயிரியல் என்ற துறையே அதிலிருந்துதான் வேகமெடுத்தது. காரணம் எளிது. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் பனியோடு சமநிலையில் இருக்கும் திரவத்துக்கு இவ்வளவு செறிவு என்று கணக்கு உண்டு. அந்தச் செறிவில் பெரும்பகுதியைக் கிளிசராலே நிரப்பிவிட்டால், உப்பு அவ்வளவு ஏற வேண்டியதில்லை. அவ்வளவு தண்ணீர் பனியாகவும் வேண்டியதில்லை.

2000 வரை கிரையோனிக்ஸில் இதுதான் நடைமுறை. பனி குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஒழிய வேண்டுமென்றால் கிளிசராலின் செறிவை மிகவும் ஏற்ற வேண்டும். அப்போது அது பாகாகி நுண்குழாய்களில் ஓட மறுக்கும், செல்லுக்குள்ளும் மெல்லத்தான் நுழையும். இன்று புதிதாக முடிவெடுப்பவர் கிளிசராலைத் தேர்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கண்ணாடியாக்கம்

விட்ரிஃபிகேஷன் என்று அழைக்கப்படும் இந்த முறையின் அடிப்படை எண்ணம் பழையது. பாசில் லுயே 1930-களிலிருந்தே இதைப் பற்றி எழுதி வந்தார். திரவத்தின் மூலக்கூறுகள் படிகமாக வரிசைகட்டுவதற்கு முன்பே அதைக் குளிர்வித்துவிட்டால், அது தேன் போலத் தடித்துத் தடித்து, ஒரு கட்டத்தில் அசைவற்றுத் திடமாகிவிடும். மூலக்கூறுகள் திரவத்தில் இருந்த ஒழுங்கின்மையோடே நின்றுபோகும். விரிவு இல்லை, உப்பு ஒதுக்கம் இல்லை, படிகத்தின் முனை இல்லை. சுத்தமான தண்ணீரை இப்படி நிறுத்த விநாடிக்குப் பல லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்விக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியாத சிறு துளியில் அது நடக்கும், தலையில் நடக்காது.

1984-ல் கிரெக் ஃபேஹியும் உடன் பணியாற்றியவர்களும் வேறு பாதையைக் காட்டினார்கள். வேகத்தைக் கூட்டாமல் செறிவைக் கூட்டலாம் என்றார்கள். உறைதடுப்பான் போதிய அளவு இருந்தால், மெதுவாகக் குளிர்வித்தாலும் பனி தோன்றாது. மறு ஆண்டே ராலும் ஃபேஹியும் எலிக் கருக்களை இப்படி −196 டிகிரிக்குக் கொண்டுபோய் உயிரோடு மீட்டுக் காட்டினார்கள். கருத்தரிப்பு மையங்களில் இன்று கருமுட்டைகளையும் கருக்களையும் காப்பது பெரும்பாலும் இந்த முறையில்தான். எனவே, கண்ணாடியாக்கம் கிரையோனிக்ஸ்காரர்களின் கற்பனை என்று யாராவது சொன்னால் அது தவறு. கேள்வி எல்லாம் அளவைப் பற்றியது. கருவுக்கு வேலை செய்வது, ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடையுள்ள மூளைக்கு வேலை செய்யுமா?

செறிவைக் கூட்டினால் நச்சும் கூடும். இந்த முறையின் பொறியியல் முழுவதும் அந்த நச்சோடு நடக்கும் பேரம்தான். ஆல்கர் 2005 முதல் பயன்படுத்தும் எம்22 கலவை, ஃபேஹியும் பிரையன் வோக்கும் இருந்த ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி மெடிசின் ஆய்வகத்தில் உருவானது. டைமெத்தில் சல்ஃபாக்சைடு, எத்திலீன் கிளைக்கால், ஃபார்மமைடு உட்பட எட்டுப் பொருள்கள் அதில் இருக்கின்றன. ஒரே பொருளை அளவுக்கு மீறி ஏற்றாமல் பலவற்றைப் பங்கிட்டு ஏற்றினால் நச்சு குறையும் என்பது ஒரு காரணம். ஃபார்மமைடின் நச்சை டைமெத்தில் சல்ஃபாக்சைடு ஓரளவு தணிக்கிறது என்பது இன்னொரு காரணம். கூடவே, பனிக்கருக்கள், அதாவது பனி வளரத் தொடங்கும் நுண்ணிய துகள்கள், மீது ஒட்டிக்கொண்டு அவை வளராமல் தடுக்கும் இரண்டு பாலிமர்கள். அன்டார்க்டிக் மீன்களின் இரத்தத்திலுள்ள உறைதடுப்புப் புரதங்கள் செய்யும் வேலைக்கு ஒத்த வேலை இது. இந்தக் கலவை நிமிடத்துக்கு 0.1 டிகிரி வேகத்தில் குளிர்ந்தாலும் பனி பிடிக்காது. மனிதத் தலையை அந்த வேகத்தில் குளிர்விப்பது சாத்தியம். −124 டிகிரிக்கு அருகில் அது கண்ணாடியாகிறது.

இதற்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று ஒரு முயலின் சிறுநீரகம். எம்22 செலுத்தி, சுமார் −130 டிகிரிக்குக் குளிர்வித்து, திரும்ப வெதுவெதுப்பாக்கி முயலுக்கே பொருத்தினார்கள். வேறு சிறுநீரகம் இல்லாமல் அந்த முயல் 48 நாள் வாழ்ந்தது. பிறகு ஆய்வுக்காக அதன் வாழ்வை முடித்தார்கள். 2009-ல் வெளியான அந்தக் கட்டுரையில் நான் அதிகம் மதிப்பது வெற்றியைவிட அதன் எச்சரிக்கையைத்தான். சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவுக்குக் கரைசல் போதிய அளவு போய்ச் சேராததே முக்கியமான தடை என்று அதில் எழுதியிருந்தார்கள். உயிரோடிருந்த விலங்கிலிருந்து எடுத்த உறுப்பு, அதற்கென்றே அமைந்த ஆய்வகம், தேர்ந்த கைகள். அங்கேயே உட்பகுதிக்கு மருந்தைச் சேர்ப்பது இவ்வளவு பாடு. 2023-ல் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு, 100 நாள் வரை கண்ணாடி நிலையில் வைத்திருந்த எலிச் சிறுநீரகங்களை இரும்பு ஆக்சைடு நுண்துகள்களும் காந்தப் புலமும் கொண்டு உள்ளிருந்து சீராகச் சூடாக்கி, வேறு எலிகளுக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்தது. எலியின் சிறுநீரகம் சிறியது என்றாலும், மீட்கும் பக்கத்திலும் வழி திறக்கிறது என்பதற்கு அது சாட்சி.

மீட்கும் பக்கத்தைப் பற்றி ஒரு சொல். பனிக்கருக்கள் மிகுதியாகத் தோன்றுவது கண்ணாடிநிலைக்குச் சற்று மேலே. அவை வேகமாக வளர்வது உருகுநிலைக்குச் சற்றுக் கீழே. குளிரும்போது வளர்ச்சி மண்டலத்தை முதலில் கடக்கிறோம், அப்போது வளர்வதற்குப் பனிக்கருக்கள் இல்லை. சூடாக்கும்போது பனிக்கருக்களோடு வளர்ச்சி மண்டலத்துக்குள் நுழைகிறோம். அதனால்தான் எம்22-க்குக் குளிர்விக்க 0.1 டிகிரி வேகம் போதும், சூடாக்க நிமிடத்துக்கு 0.4 டிகிரி தேவை. செறிவு குறைந்த கலவைகளில் இந்த இடைவெளி மிகப் பெரிது. செறிவில் இன்று செய்யும் கஞ்சத்தனம் மீட்கும் நாளில்தான் தெரியவரும்.

மிச்சிகனிலுள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் பயன்படுத்தும் விஎம்-1 கலவையில் எத்திலீன் கிளைக்காலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் மட்டுமே முக்கியப் பொருள்கள். யூரி பிச்சுகின் உருவாக்கியது. தயாரிக்க எளிது. அங்கே தலையைக் காப்பதற்கே முதலிடம். இரண்டு கலவைகளையும் தாளில் வைத்து ஒப்பிட்டால் எம்22 மேல். ஆனால் நேரத்தோடு, முழுசாகச் செலுத்திய விஎம்-1, பல மணி நேரம் தாமதித்து அரைகுறையாகச் செலுத்திய எம்22-வைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கண்ணாடியாக்கத்தின் மீது வைக்கப்படும் நேர்மையான குறை ஒன்று உண்டு. இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் எளிதில் புகாமல் தடுக்கும் இரத்த-மூளைத் தடையைக் கடந்து இந்தப் பொருள்கள் மெதுவாகத்தான் போகும். ஆனால் தண்ணீர் வேகமாக வெளியே வரும். அதனால் மூளை வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. பனி இல்லாமல் போவதில் அந்த வற்றலுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் சுருங்கிய திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இணைப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சொல்வது கடினம். அழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் பொருள்.

முதலில் நிலைப்படுத்தி, பிறகு குளிர்விப்பது

இந்தக் குறையை நேராகத் தாக்கியது ராபர்ட் மெக்கின்டயரும் ஃபேஹியும் 2015-ல் வெளியிட்ட முறை. முதலில் குளூட்டரால்டிஹைடு செலுத்தப்படுகிறது. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, திசுவை இருந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அதன் பிறகு நச்சைப் பற்றிக் கவலை இல்லை, அவசரமும் இல்லை. எத்திலீன் கிளைக்காலை மெல்ல மெல்ல 65 சதவீதம் வரை ஏற்றலாம். இரத்த-மூளைத் தடையைத் திறக்க ஒரு சோப்புப் பொருளும் சேர்க்கிறார்கள். அதனால் மூளை சுருங்குவதில்லை. −135 டிகிரியில் வைத்து, மீண்டும் சூடாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்பிணைப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. மூளைப் பாதுகாப்புக்கென இயங்கும் பிரெயின் பிரிசர்வேஷன் ஃபவுண்டேஷன் முயல் மூளைக்காக 2016-லும் பன்றி மூளைக்காக 2018-லும் இதற்குப் பரிசளித்தது.

கட்டமைப்பைக் காப்பதில் இதற்கு நிகர் இன்று இல்லை. விலையும் அதற்கேற்றது. குளூட்டரால்டிஹைடு போட்ட பிணைப்புகளை அவிழ்க்க இன்று வழி கிடையாது. அந்தத் திசு உயிரியல் பொருளில் திரும்பி வராது. வருங்காலத்தில் மூளையைப் படித்து வேறு வடிவில் மீட்பார்கள், அல்லது மூலக்கூறு மூலக்கூறாகப் பழுதுபார்ப்பார்கள் என்று நம்புபவருக்கு இது பொருந்தும். இதே மூளை, இதே செல்கள் திரும்ப இயங்க வேண்டும் என்று விரும்புபவருக்குப் பொருந்தாது. இந்த இடத்தில் விஞ்ஞானம் உங்களுக்காக முடிவெடுக்காது. நான் என்பது என் நரம்பிணைப்புகளின் அமைப்பா, அல்லது அந்த அமைப்பைத் தாங்கும் உயிருள்ள செல்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பரிசு பெற்ற படங்களைப் பார்ப்பவர்கள் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. அந்த முயல்களும் பன்றிகளும் மயக்கத்தில் இருந்தபோதே, இரத்த ஓட்டம் நிற்பதற்கு முன்பே செயல்முறை தொடங்கிவிட்டது. கிரையோனிக்ஸில் இறப்பு அறிவிக்கப்பட்ட பிறகுதான் யாரும் கை வைக்க முடியும். ஆக அந்தப் படங்களின் தரத்தை மனித நேர்வுக்கு அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. குழாய்கள் அடைத்துக்கொண்டால் குளூட்டரால்டிஹைடும் போகாது. மூளையை வெளியே எடுத்து மருந்தில் ஊற வைக்கலாம்தான். ஆனால் மருந்து நடுப்பகுதியை எட்ட நாட்கள் ஆகும், அதற்குள் அங்கே சிதைவு முந்திக்கொள்ளும்.

மண்டை ஓட்டில் ஒரு சிறு துளை

இதயம் நின்ற சில நிமிடங்களில் மூளை செல்களின் ஆற்றல் தீர்கிறது. செல்களும் நுண்குழாய்ச் சுவர்களும் வீங்கத் தொடங்கும், இரத்தம் கட்டிக்கொள்ளும். பிறகு இரத்த ஓட்டத்தை மீட்டாலும் சில பகுதிகளுக்கு அது திரும்பாது. 1968-லேயே அடெல்பர்ட் ஏம்ஸ் குழு காட்டியது இது. அதனால்தான் இறப்பு அறிவிக்கப்பட்ட உடனே பனிக்குளியல், மார்பை அழுத்தும் இயந்திரம், இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெபாரின் என்று குழு பரபரக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் செல்லின் ஆற்றல் தேவை பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். அவர்கள் அங்கே வாங்குவது நேரம்.

கரைசல் செலுத்தும்போது அறுவை மருத்துவர் மண்டை ஓட்டில் ஒரு சிறு துளையிட்டு மூளையின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். செறிவு ஏற ஏற மூளை ஓட்டிலிருந்து விலகி உள்வாங்கினால் நல்ல சகுனம். குழாய்கள் உறுதியாக இருக்கின்றன, தண்ணீர் வெளியேறுகிறது, மருந்து சுற்றுகிறது. மாறாக, மூளை மெல்ல எழும்பித் துளையை நிரப்பினால் வீக்கம். குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதற்கு மேல் செலுத்தச் செலுத்தக் கேடுதான். அதே நேரத்தில் இருபக்கக் கழுத்துச் சிரைகளிலிருந்து வெளிவரும் திரவத்தை ஒளிவிலகல் அளவியில் வைத்துச் செறிவைப் படித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே செறிவை எட்டி, அங்கே சிறிது நேரம் நிலைத்தால்தான் திசு நிறைந்தது என்று நம்பலாம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாவிட்டால் அந்தப் பாதி மூளையில் பனி வரும்.

குளிர்வித்த பிறகும் சோதிக்க வழி உண்டு. டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கந்தகம் இருப்பதால், மருந்து நிறைந்த பகுதியும் பனி பிடித்த பகுதியும் சிடி ஸ்கேனில் வேறு வேறு அடர்த்தியில் தெரியும். நைட்ரஜன் கலத்தில் இருந்தபடியே தலையை ஸ்கேன் செய்து ஆல்கர் பார்க்கிறது. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தாலும் இதைக் கேளுங்கள்: பழைய நேர்வுகளின் செறிவு அளவீடுகளையும் ஸ்கேன் முடிவுகளையும், மோசமாக முடிந்தவை உட்பட, வெளியிடுகிறீர்களா? என் கணக்கில் அந்த அறிக்கைகளுக்கு இருக்கும் மதிப்பு கரைசலின் சூத்திரத்துக்கு இல்லை.

எந்தக் குளிரில் வைப்பது

கண்ணாடிநிலையை எட்டிய பின்னும் −196 வரை இறக்கினால், வெளிப்புறமும் உட்புறமும் ஒரே சீராகச் சுருங்காததால் விரிசல் விழும். பெரிய பொருளில் இதை முற்றிலும் தவிர்ப்பது கடினம். −135 முதல் −140 டிகிரிக்குள் வைத்தால் விரிசல் வெகுவாகக் குறையும். ஆனால் அதற்குத் தனியான கலமும் கட்டுப்பாடும் வேண்டும். நைட்ரஜனில் மூழ்கிக் கிடக்கும் தலைக்கு மின்சாரம் தேவையில்லை, நைட்ரஜனை நிரப்பிக்கொண்டிருந்தால் போதும். விரிசல் ஒரு தளத்தில் விழும் சுத்தமான பிளவு. பனி திசு முழுவதையும் குடைவது. இரண்டில் ஒன்றைத்தான் தவிர்க்க முடியும் என்றால் பனியைத்தான் தவிர்ப்பேன். நூற்றாண்டுகள் நிற்க வேண்டிய ஏற்பாட்டில் எளிமைக்கும் தனி மதிப்பு உண்டு.

யார் எதைத் தேர்வது

நோய் முற்றி, இறப்பு எதிர்பார்க்கப்படும் நிலையில் இருப்பவர், குழு படுக்கையருகே காத்திருக்க முடியும் என்றால், கண்ணாடியாக்கத்தைத் தேர்வது சரி. அந்த நிலையில் நான் செய்யச் சொல்வது ஒன்றே ஒன்று: பாதுகாப்பு மையத்துக்கு அருகே இடம் பெயருங்கள். வேறெந்தத் தொழில்நுட்ப மேம்பாடும் இந்த ஒரு செயலுக்கு ஈடாகாது. தொலைவில் இறப்பவருக்கு உள்ளூரிலேயே கரைசல் செலுத்தி உலர்பனியில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. −79 டிகிரியில் கலவை இன்னும் கண்ணாடியாகவில்லை, மிகத் தடித்த திரவம்தான். ஆகவே அந்தப் பயணம் நீளக் கூடாது. ஆனாலும் கரைசல் இல்லாமல் வருவதைவிட இது பல மடங்கு மேல்.

முழு உடலா, தலை மட்டுமா என்பதும் பனியோடு சேர்ந்த கேள்வியே. முழு உடலுக்கும் ஒரே சுற்றில் செலுத்தும்போது வயிறும் கைகால்களும் வீங்கி, மூளைக்குத் தேவையான நேரத்தைப் பறிக்கக்கூடும். கழுத்துத் தமனிகள் வழியாகத் தலைக்கு மட்டும் செலுத்துவது விரைவு, கட்டுப்படுத்துவதும் எளிது. முழு உடலும் வேண்டும் என்பவர், மூளைக்கே முதலிடம் என்பதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இணைப்புகளின் அமைப்புதான் தான் என்று உறுதியாக நம்புபவர், குழு உடனடியாகத் தொடங்க முடியும் என்ற நிலையில், குளூட்டரால்டிஹைடு முறையைக் கேட்கலாம். எனக்கு அந்த உறுதி இல்லை. உயிரியல் வழியாக மீள்வதற்கான கதவை நானே அடைக்க மனமில்லை. அதனால் என் தேர்வு கண்ணாடியாக்கம்.

திடீர் மரணத்துக்கும் எழுதி வைக்க வேண்டும். சில மணி நேரத் தாமதம் என்றால் செலுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியே வீக்கம் தெரிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தாமதம் சில மணி நேரத்தையும் தாண்டிவிட்டால் நேரடி உறைவு வேண்டுமா வேண்டாமா என்று தெளிவாக ஒரு வரி இருக்கட்டும். நான் வேண்டும் என்றே எழுதுவேன். பனி திசுவைக் கிழிக்கிறது, ஒதுக்குகிறது. ஆனால் கிழிந்த துண்டுகள் அங்கேயே உறைந்து கிடக்கின்றன. அழுகல் அந்தத் துண்டுகளையும் கரைத்துவிடும். இந்த வரி எழுதப்படாமல் போனால், துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் தொலைபேசியில் சில நிமிடங்களில் இதை முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆகவே கையெழுத்திடும் நாளிலேயே அவர்களில் ஒருவரை அருகில் உட்கார வைத்து, இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள்.